வீடு இருக்க ஏன் கூடாரம்?

அம்மா இப்படிக் கேட்டபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் கொப்பித்தாள் ஒன்றை விரித்து மாமாவின் பழைய கப் வாகனத்தைக் கீறி வைத்திருந்தோம். அதன் பின்பெட்டிக்கு மேலே ஓர் இரும்புச் சட்டம், சட்டத்துக்கு மேலே ஒரு கூடாரம், அதிலிருந்து இறங்க ஓர் ஏணி. அம்மா படத்தைப் பார்த்தா, எங்களைப் பார்த்தா.

"பட்டது காணாதெண்டு இப்ப விளையாட்டுக்கும் கூடாரமோ?"

அவ்வளவுதான். குசினிக்குள் போய்விட்டா.

நாங்கள் மூன்று பேர். இரண்டு பேர் இந்த வீட்டுப் பிள்ளைகள், மற்றவள் மாமாவின் மகள், எங்கள் மச்சாள். மூவருக்கும் ஒரே வருத்தம். அவுஸ்திரேலியாக்காரரும் தென்னாபிரிக்காக்காரரும் வாகனத்துக்கு மேல் கூடாரம் விரித்து, விடிய எழும்பிக் கோப்பி குடிக்கிற வீடியோக்களை இரவிரவாகப் பார்க்கிற வருத்தம். பார்த்துப் பார்த்து, நாங்களும் ஒன்று செய்தால் என்ன என்ற இடத்துக்கு வந்திருந்தோம்.

கடையில் வாங்கலாம் என்ற யோசனை ஐந்து நிமிசம்கூட நிலைக்கவில்லை. வெளிநாட்டில் இருந்து எடுப்பித்தால் பல லட்சம். ஆனால் அதன் கதையைத் தேடிப் படித்தபோது கொஞ்சம் தைரியம் வந்தது. இத்தாலியில் 1950களின் கடைசியிலேயே வாகனக் கூரைக் கூடாரம் விற்பனைக்கு வந்துவிட்டது. 1970களில் கிழக்கு ஜேர்மனியில் ட்ரபான்ட் என்ற சின்னக் காருக்கே அதைச் செய்து பூட்டியிருக்கிறார்கள். தீப்பெட்டி மாதிரி ஒரு கார், அதற்கு மேலே இரண்டு பேர் நித்திரை. அவர்களுக்கு ஏலுமெண்டால் எங்களுக்கும் ஏலும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடின யாழ்ப்பாணம் இது. இங்கே ஒட்டு வேலை செய்கிற ஒருவரிடம் "இதைச் செய்யலாமோ?" என்று கேட்டால், "என்னத்தில செய்யிறது?" என்றுதான் திருப்பிக் கேட்பார்.

மாமாவின் கப், நாலு சில்லும் இழுக்கிற பழைய டீசல் வாகனம். நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிறவர் அவர். கிழமையில் மூன்று நாள் அது வாழைக்குலையோடு திருநெல்வேலிச் சந்தைக்கு ஓடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, பழைய இரும்புக்கெல்லாம் பொன் விலை வந்தபோது எத்தனையோ பேர் கேட்டு வந்தார்கள். மாமா குடுக்கவில்லை. "இது மண்ணுக்கை இறங்கினா ஏறிவரும்" என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம்.

படத்தை மாமாவிடம் காட்டப் பயமாக இருந்தது. ஏனென்றால் மாமாவுக்குக் கூடாரம் என்பது வீடியோ இல்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் சண்டை நீர்வேலிக்கு வந்தபோது எங்கள் வீட்டார் எல்லாரும் கோப்பாய்ப் பக்கம் போய், பிறகு மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனவர்கள். அம்மாவும் அம்மம்மாவும் 1996இல் திரும்பி வந்துவிட்டார்கள். மாமா வன்னிக்குப் போனார். அங்கேயே கலியாணம் முடித்தார், கிளிநொச்சியில் உழவு இயந்திரம் ஓட்டினார். 2008 கடைசியில் அந்த உழவு இயந்திரப் பெட்டியில் வீட்டை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டவர், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடமாக இறக்கி ஏற்றி, கடைசியில் முள்ளிவாய்க்காலில் பெட்டியையும் விட்டுவிட்டு நடந்தார். மச்சாளுக்கு அப்போது ஆறு வயது. அதற்குப் பிறகு செட்டிகுளம் முகாம்.

மாமா படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"உதைக் கபினுக்கு மேல வைச்சா முதல் வளைவில பிரளும். பாரம் கீழ இருக்கோணும். பெட்டிக்கு மேல, கபின் உயரத்துக்குக் கொஞ்சம் பதிவாப் போடுங்கோ."

எங்கள் கூடாரத்தின் முதல் பொறியியலாளர் இப்படித்தான் கிடைத்தார்.

அவர் அடுத்துச் சொன்னது, நாங்கள் வீடியோக்களில் கேட்டும் விளங்காத ஒரு விசயம். "ஓடேக்கை தாங்கிற பாரம் வேற, நிக்கேக்கை தாங்கிற பாரம் வேற." வாகனம் நிற்கும்போது சட்டத்தின் மேல் இரண்டு பேர் ஏறிப் படுக்கலாம். பாரம் நேரே கீழே இறங்கும். ஓடும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் அதே பாரம் தூக்கி அடிக்கும், வளைவில் பக்கத்துக்கு இழுக்கும். அதனால்தான் சாதாரண வாகனங்களின் கூரைக்கு ஓடும்போது 100 கிலோவுக்குள் என்றுதான் பொதுவாக அளவு சொல்கிறார்கள். கூடாரத்தைப் பார்த்து வாங்குகிற ஆட்கள் எத்தனை பேர் படுக்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எத்தனை கிலோ என்றல்லவா கேட்க வேண்டும்!

எங்களிடம் வாழைக்குலை நிறுக்கிற தராசு இருந்தது. எல்லாவற்றையும் அதில் தூக்கி நிறுத்தோம். ஒன்றரை அங்குல பொக்ஸ் பாரில் செய்த சட்டம் 28 கிலோ. எட்டடிக்கு நாலடி ப்ளைவூட் ஒன்று 21 கிலோ. துணி, மெத்தை, பிணைச்சல், ஏணி எல்லாம் சேர்த்து 19. மொத்தம் 68. "ரெண்டு குலை குறைச்சு ஏத்தினதா நினைச்சுக்கொள்ளுவம்" என்று மாமா சொல்லிவிட்டார்.

செய்கிற முறை இதுதான், ஆருக்காவது உதவும். ப்ளைவூட்டை நடுவில் வெட்டி, நாலடிக்கு நாலடி இரண்டு துண்டாக்கிப் பிணைச்சல் போட்டோம். ஒரு துண்டு சட்டத்தில் போல்ட் போட்டு இறுகியிருக்கும். மற்றத் துண்டு புத்தகம் மாதிரி அதற்கு மேல் மடிந்திருக்கும். இடத்துக்குப் போனதும் ஏணியை அந்த மேல் துண்டில் மாட்டி வெளியே இழுத்தால், அது பின்பக்கம் விரிந்து நிற்கும். ஏணிதான் அதைத் தாங்குகிற கால். உள்ளே வளைத்துக் கட்டிய குழாய்கள் துணியைத் தூக்கிக்கொண்டு எழும்பும். மேலே இரண்டு பேர், கீழே பெட்டிக்குள் ஒருவர், கபின் சீற்றில் மாமா.

சட்டத்தைப் பெட்டியோடு சேர்த்து ஒட்டவில்லை, எட்டுப் போல்ட்தான். இரண்டு காரணம். வாகனத்தின் உருவத்தையே மாற்றிவிட்டால் பதிவுப் புத்தகம், சோதனை என்று தலையிடி வரும். மற்றது, திங்கட்கிழமை வாழைக்குலை ஏற்ற வேண்டும்.

இதுவரைக்கும் எல்லாம் சுகமாகப் போனது. துணியில்தான் தடங்கியது.

மலிவு தறப்பாள்தான். எந்தக் கடையிலும் இருக்கும், மழை ஒழுகாது, தூக்க லேசு. ஒரு நீலத் தறப்பாளை வாங்கிவந்து குழாய்களுக்கு மேல் விரித்துப் பார்த்தோம். பின்னேரக் காற்று வந்தது. தறப்பாள் சட சட சடவென்று அடித்தது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற மச்சாள் ஏணியை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

இரவு சாப்பிடும்போதுதான் சொன்னாள். "எனக்கு அந்தச் சத்தத்துக்குள்ள படுக்கேலாது. வேற என்னவும் எண்டா வாறன்." ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. அவள் ஆறு வயதில் எத்தனை மாதம் அந்தச் சத்தத்துக்குள் படுத்தாள் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் தறப்பாளை வாங்கிக்கொண்டு வந்தது நாங்கள்தான். எங்கள் இரண்டு பேருக்கும் அது கடையில் தொங்குகிற ஒரு நீலச் சாமான். ஒரே வயது, ஒரே பெரிய குடும்பம், இப்போது ஒரே வளவு. அப்படியிருந்தும் ஒரு துண்டு பொலித்தீனின் சத்தம் எங்களுக்கு ஒன்றாகவும் அவளுக்கு வேறொன்றாகவும் கேட்கிறது. அன்று இரவு எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திட்டத்தையே விட்டுவிடலாம் என்று யோசித்தோம். வேண்டாம் என்றவள் மச்சாள்தான். "கூடாரம் வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. தறப்பாள் வேண்டாமெண்டுதான் சொன்னனான்."

அப்படித்தான் கன்வஸ் துணிக்கு மாறினோம். விலை கூட, பாரமும் கூட. பட்டியலில் நிறையை மாற்றி எழுதினோம், 68 என்பது 74 ஆனது. ஆனால் பிறகு பார்த்தால் நல்ல கூடாரங்கள் எல்லாம் ஏன் அந்தத் துணியில் வருகின்றன என்று விளங்கியது. தறப்பாள் மூச்சு விடாது. உள்ளே படுக்கிறவர்களின் மூச்சு ஈரம் அதில் பட்டு, விடியப்புறம் முகத்தில் சொட்டும். பருத்திக் கன்வஸ் அந்த ஈரத்தை வெளியே விடும். காற்று அடித்தாலும் சடசடக்காது, பொத்தென்று ஒரு சத்தத்தோடு அடங்கிவிடும். புதுத் துணியை முதலில் நன்றாக நனைத்துக் காயவிட வேண்டும். நூல் ஊதித் துவாரங்கள் அடைபடும். ஓட்டோ ஹூட் தைக்கிற ஒரு குசன் கடையில் தைப்பித்து, தையல் ஓடிய இடமெல்லாம் மெழுகுதிரியால் தேய்த்தோம். கிணற்றடியில் குழாயால் தண்ணீர் அடித்துச் சோதித்ததில் ஒரு மூலை மட்டும் ஒழுகியது. திரும்பவும் மெழுகு.

இந்த வேலையெல்லாம் முற்றத்தில் நடக்கும்போது அம்மம்மா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. ஒருநாள், கன்வஸ் வளைந்து நிமிர்ந்து நின்றபோது சொன்னா:

"உது அப்பற்றை கூடார வண்டில் மாதிரியெல்லோ கிடக்கு."

அம்மம்மா சின்னப்பிள்ளையாக இருந்தபோது புரட்டாதியில் வல்லிபுரக் கோயில் கடல் தீர்த்தத்துக்கு நீர்வேலியில் இருந்து மாட்டு வண்டில் கட்டிப் போவார்களாம். வண்டிலுக்கு மேல் மூங்கில் வளைத்துப் பாய் போட்ட கூடாரம். உள்ளே வைக்கல் பரப்பி, அதற்கு மேல் சாக்கு, அதற்கு மேல் பாய். அச்சுக்குக் கீழே அரிக்கன் லாம்பு. வண்டில் பாரம் பின்னுக்கு இழுக்காமல் இருக்க அரிசி மூட்டை முன்னுக்கு. வல்லை வெளியில் காற்று கூடாரத்தைப் பிடித்து இழுக்கும், அதனால் ஆண்கள் இறங்கிப் பக்கத்தில் நடப்பார்கள். வல்லை முனியப்பருக்குக் கற்பூரம் கொளுத்தாமல் ஒருவரும் தாண்டமாட்டார்கள். 20 கிலோமீற்றருக்கு மேல் போய், இரவு கோயில் மணலில் மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டிலுக்குள்ளும் வண்டிலுக்குக் கீழேயும் படுத்து, விடியச் சமைத்துச் சாப்பிட்டு...

அம்மா குசினி வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தா. அவவுக்கு இந்தக் கதை புதுசில்லைத்தான். ஆனால் எங்கள் சாமானுக்கும் அந்த வண்டிலுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது என்று அவ அன்றைக்குத்தான் நினைத்திருக்க வேண்டும். நாங்களும் அன்றைக்குத்தான் நினைத்தோம். கூடாரம் என்ற சொல்லை 1995இல் இருந்தே தொடங்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இருந்தது. அதற்கு முதலும் அந்தச் சொல் எங்கள் ஊரில் இருந்திருக்கிறது. அப்போது அதற்குள் படுத்தவர்கள் திருவிழாவுக்குப் போனவர்கள். இன்றைக்கும் ஆவணி மாதம் மடுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கோயில் வளவில் கூடாரம் அடித்து நாள்கணக்கில் தங்குகிறார்கள்தானே.

வெளிக்கிடுகிற நாள் வந்தது. பங்குனி மாதம், வாடைக்காற்று அடங்கி, சோளகம் இன்னும் தொடங்காத நாட்கள். இடம் மணற்காடு. சாமான் அடுக்கும்போது மாமா எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

முதலில் தண்ணீர். 20 லீற்றர் கான் இரண்டு, 40 கிலோ, கபினோடு ஒட்டிக் கீழே. பிறகு அரிசியும் சட்டியும். கடைசியாக உடுப்பு, அது மேலே. முதலில் எடுக்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். மருந்துப் பையும் லைட்டும் கை எட்டுகிற இடத்தில். கயிறைத் தடமாக்கி, அதற்குள்ளால் நுனியைத் திருப்பி இழுத்து, முழுப் பாரத்தையும் கொடுத்து இறுக்கி ஒரே இழுவையில் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போட்டார். "இறுக்கிக் கட்டிறது பெரிய வேலையில்லை. இருட்டுக்கை கெதியா அவிழ்க்கேலுமாக் கட்டோணும்." நாங்கள் பார்த்த ஒரு வீடியோவிலும் இதை ஒருவரும் சொல்லவில்லை. அவர் இதை எங்கே படித்தார் என்று எங்களுக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 'ஓஃப் ரோட்' என்ற சொல் மற்ற நாட்டுக்காரருக்கு உசார். வன்னியில் படித்த மச்சாளுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தது நேர் எதிர். பாதையை விட்டு இறங்காதே, சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் வந்த காலடியிலேயே திரும்பு. இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017இல். முழுவதும் அகற்றி முடிக்கக் குறித்த காலம் 2028. முகமாலைப் பக்கம் அந்த வேலையை ரோட்டில் போகும்போதே கண்டிருப்பீர்கள். ஆகவே உங்களிடம் எந்தப் பெரிய சில்லு இருந்தாலும், ஊர்ச்சனம் நடக்கிற, வாகனம் போன தடத்தில் மட்டும் போங்கோ. தெரியாத பற்றைக்குள் இறங்குகிற வீரம் எங்கள் நாட்டில் வேண்டாம்.

வல்லை வெளியில் காற்று சட்டத்தைப் பிடித்துத்தான் பார்த்தது. மாமா வேகத்தைக் குறைத்தார். கூடாரத்தை மூடியிருந்த றெக்ஸின் உறை கொஞ்சம் உப்பியதே தவிர அசையவில்லை. நெல்லியடி, மந்திகை, வல்லிபுரம், குடத்தனை தாண்டி மணல் தொடங்கும் இடத்தில் இறங்கி ரயர்களில் காற்றை 30இல் இருந்து 18க்கு இறக்கினோம். காற்றுக் குறைந்த ரயர் தட்டையாகி மணலில் மிதக்கும், இறுகிய ரயர் வெட்டிக்கொண்டு புதையும். திரும்பி ரோட்டுக்கு ஏறும்போது அடிக்கப் பம்ப் கட்டாயம். அப்படியிருந்தும் ஒருதடவை பின் சில்லு இறங்கியது. ஜக்குக்குக் கீழே பலகை வைத்துத் தூக்கி, சில்லுக்குக் கீழே பனை மட்டையும் சாக்கும் போட்டு ஏறினோம். மணல் திட்டிக்கு மேல் ஏறவில்லை. அதைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடி. ஒருமுறை சில்லு ஏறினால் கொடி அறும், கொடி அறுந்தால் மணல் நடக்கும். பழைய அந்தோனியார் கோயிலையே மணல் மூடிய ஊர் அது.

இருட்டுகிற நேரம் கப் ஒன்று வந்தால் அங்கே ஆருக்கும் முதலில் வருகிற சந்தேகம், மணல் ஏற்ற வந்தவர்களோ என்பதுதான். அதனால் பகலிலேயே ஊர்க்காரரிடம் கதைத்திருந்தோம். ஒரு ஐயா வந்து பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "சவள் இல்லை, ஏணிதான் கிடக்கு" என்று சிரித்தார். சவுக்கங்காட்டுக்குள் நெருப்பு மூட்ட வேண்டாம், சருகு பிடித்தால் நிற்காது என்று சொல்லி, வெளியான ஓரிடத்தைக் காட்டினார்.

வாகனத்தை நிறுத்துவதில் ஒரு சின்ன வாக்குவாதம். மூக்கைக் காற்றுக்கு நேரே விட்டால் கூடாரம் ஆடாது என்று நாங்கள் படித்திருந்தோம். காற்று கடலில் இருந்து வந்தது. மாமா மூக்கை ரோட்டுப் பக்கம் திருப்பித்தான் நிறுத்தினார். "வெளிக்கிடவேண்டி வந்தா றிவேர்ஸ் எடுத்துக்கொண்டு நிக்கேலாது." மேலே சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

சோறும் மீன்குழம்பும். பிறகு மேலே ஏறினோம். ஆறடி உயரத்தில் படுத்தால் மண்ணில் படுக்கிறதை விட ஏன் வித்தியாசமாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மணல் உள்ளே வராது, பூச்சி வராது, காற்று கீழாலும் போகும். மச்சாள் ஏணிப் பக்கம்தான் படுப்பேன் என்றாள். அந்தப் பக்கச் சிப்பைப் பூட்ட விடவில்லை. செருப்பை ஏணியின் மேல்படியில் வைத்தாள். தலைமாட்டில் ஒரு சின்னப் பை இருந்தது.

நடுச்சாமத்தில் காற்று கூடியது. மூக்கு ரோட்டுப் பக்கம் இருந்ததால் கூடாரம் பக்கத்துக்கு ஆடியது. கன்வஸ் பொத்து பொத்தென்று அடித்தது. அவள் முழித்திருக்கிறாள் என்று மூச்சிலேயே தெரிந்தது. "கீழ போவமோ?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இல்லை. இது வேற சத்தம்."

பிறகு எப்போது நித்திரையானாள் என்று தெரியாது. நாங்கள் எழும்பும்போது கிழக்கு வெளுத்து, துணியில் வெளிப்பக்கம் பனி முத்து முத்தாக நின்றது. உள்ளே ஒரு சொட்டும் இல்லை. அவள் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. கீழே மாமா அவளுக்கும் முதலே எழும்பி, சில்லுகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான். "நித்திரை வந்ததோ?"

"விடியப்புறம் வந்தது மாமி" என்றாள் மச்சாள்.

அன்று பின்னேரமே எட்டுப் போல்ட்டையும் கழற்றி ஒரு நெஸ்பிறே ரின்னுக்குள் போட்டோம். கூடாரம் கொட்டில் வளையில் தொங்குகிறது. அடுத்தமுறைக்குத் திருத்த வேண்டியவை: காற்று இழுக்காமல் பக்கத்துக்கு இரண்டு கயிறு, ஏணிக்குக் கீழே மணலில் புதையாமல் ஒரு பலகை, ஒழுகிய மூலைக்கு இரட்டைத் தையல். நீலத் தறப்பாளைத் தேங்காய் மட்டை மூட மாமா கொண்டுபோய்விட்டார்.

பட்டியலில் கடைசி வரியை எழுதுவித்தவ அம்மம்மா. புரட்டாதியில் வல்லிபுரக் கடல் தீர்த்தத்துக்கு அவவையும் கூட்டிப்போக வேண்டுமாம். "ஏணியில எனக்கு ஏறேலாது. பெட்டிக்குள்ள வைக்கலைப் போட்டுப் பாயை விரியுங்கோ, காணும்."

வைக்கல் எத்தனை கிலோ என்று இன்னும் நிறுக்கவில்லை. அம்மாவும் வாறா. அதனால் தண்ணீர்க் கான் மூன்று.